இடது பக்கம் வேண்டாம் என்றேன்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது ஆள் வங்கி மேலாளர். இடது என்றால் வலது பக்கம் திருப்புகிறார். என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் இருவரும் உயிரோடு திரும்பினோம்.

மாலையில் தம்பி வந்தான். வியாழக்கிழமை எனக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப்போகிறான். அம்மாவைக் கொண்டுபோன குடல் புற்று, பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். குடல் டாக்டர் அல்லவா, சொன்னால் கேட்கத்தானே வேண்டும். என் பயமெல்லாம் இடது இடுப்பைப் பற்றித்தான். மாற்று மூட்டு வைத்ததிலிருந்து அந்தப் பக்கம் படுத்தால் உயிர் போகிறது. இந்தச் சோதனைக்கோ எல்லோரையும் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கித்தான் படுக்கவைப்பார்களாம்.

"உன்னை மல்லாக்கப் படுக்க வச்சே பண்ணிடறேன்க்கா. நானேதான் பண்ணுவேன். வேற யாரையும் விடமாட்டேன்."

அம்மா போனபின் அவனுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். நம்பாமல் என்ன செய்வேன்?

மார்ச் 5

பேதி மருந்து குடித்தாயிற்று. கழிப்பறையே கதி.

மார்ச் 6, வியாழன்

முடிந்தது. ராஜமரியாதைதான். மற்றவர்களை நர்ஸ் துருவித் துருவிக் கேட்டாள் — ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கா, மூட்டு வலி உண்டா, எந்தப் பக்கம் படுக்க முடியும். என்னை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க சாரோட அக்காவாச்சே. சாருக்குத் தெரியாததா?" என்று சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தம்பி வந்து தோளைத் தட்டினான். ஊசி போட்டார்கள். அப்புறம் ஒன்றும் தெரியாது.

மதியம் வந்து சொன்னான்: "நானே முழுசா பார்த்துட்டேன்க்கா. சுத்தமா இருக்கு."

இடது இடுப்பு ஏன் இப்படி விண்விண்ணென்று தெறிக்கிறது? "வயசாகுதுல்ல" என்கிறான்.

மார்ச் 8, சனி

தம்பி மகள் சனிக்கிழமைதோறும் என்னிடம் வண்டி பழகுகிறாள். வாய் ஓயாது அவளுக்கு. வகுப்பு முடிந்ததும் அவள் வீட்டு வாசலிலேயே நிறுத்துவாள், நான் உள்ளே போய் காபி குடித்துவிட்டு வருவேன்.

இன்று பாதி வழியில் சொன்னாள்: "வியாழக்கிழமை காலேஜ் இன்டர்வியூவுக்கு அப்பாவே வந்தார் அத்தை. ஆஸ்பத்திரிக்குத் தலைகாட்டிட்டு ஓடி வந்து, மதியம் வரைக்கும் என்கூடத்தான் உட்கார்ந்திருந்தார்."

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான்.

"நான் தப்பா ஓட்டிட்டேனா அத்தை?"

"இல்லடா கண்ணு. நீ சரியாத்தான் ஓட்டினே."

காபிக்கு உள்ளே போகவில்லை. தலைவலி என்றேன்.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸ். என் இடுப்பைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எங்ககிட்ட யாருமே சொல்லலையேம்மா. வழக்கம்போல இடது பக்கமாத்தான் படுக்க வச்சோம். சார் அவசரமா கிளம்பிட்டார், சின்ன டாக்டர்தான் பண்ணினார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவம், அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. இடது பக்கம் படுத்தால் இடதுபக்கக் குடல் அமுங்கிக் கிடக்குமாம், தண்ணீரும் அங்கேயே தேங்குமாம். மடிப்பு விரியவேண்டுமானால் ஆளைப் புரட்டவேண்டும். புரட்டப் பார்த்தார்கள், என் கால் மரம்போல விறைத்துக்கொண்டது, விட்டுவிட்டார்கள். "அந்தப் பக்கம் சரியா தெரியலைன்னு சின்ன டாக்டர் சார்கிட்ட அப்பவே சொன்னாரேம்மா."

அப்பவே சொன்னாராம். தெரிந்துகொண்டுதான் என் முகத்தைப் பார்த்துச் சுத்தம் என்றானா?

மார்ச் 11

தம்பியைக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "பொண்ணு தனியாப் போக பயந்தாக்கா. உனக்கு ஒன்னும் இருக்காதுன்னு தோணுச்சு. எதுக்கு உன்னைப் பயமுறுத்தணும்னு…"

தோணுச்சாம்! அம்மாவுக்கும் இப்படித்தானேடா யாருக்கோ தோணுச்சு. பொண்ணுகூடப் போகணும்னா போயேன், யார் வேண்டாம்னா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இன்னொரு நாள் வந்திருப்பேனே. வழியில போறவன் பொய் சொன்னா தூசியைத் தட்டற மாதிரி தட்டிட்டுப் போயிடலாம். நீ சொன்னதை நான் எங்கேடா கொண்டு வைக்கறது?

இதில் பாதியைக்கூட அவனிடம் சொல்லவில்லை. கதவை மட்டும் திறந்துவிட்டேன்.

மார்ச் 12

இடுப்பு வலி பரவாயில்லை.

மார்ச் 27, வியாழன்

வேறு ஆஸ்பத்திரி. முன்பின் தெரியாத ஒரு பெண் டாக்டர். இங்கே நர்ஸ் என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள். எனக்கோ ஒவ்வொரு கேள்விக்கும் அழுகை முட்டியது. கடைசியில், "குடும்பத்துல டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"இல்லை" என்றேன். வாய் கூசவே இல்லை.

தொடைகளுக்கு நடுவே தலையணை கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். லேசான மயக்கம்தான். கேமரா திரும்பி வரும்போது டாக்டர், "மெதுவா வலது பக்கம் திரும்புங்கம்மா, அவசரமில்லை" என்றார். இரண்டு பேர் என் காலைத் தாங்கிக்கொண்டார்கள். அமுங்கிக் கிடந்த குடல் திரையில் மெல்ல விரிந்தது. ஒரு மடிப்புக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் ஒரு சதை வளர்ச்சி.

"இதோ உட்கார்ந்திருக்கார்" என்றார் டாக்டர். அங்கேயே எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 5, சனி

முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. விட்டிருந்தால் சில வருஷங்களில் ஆகியிருக்கலாமாம். டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

தம்பி மகள் வழக்கம்போல வந்தாள். இன்று அவ்வளவாகப் பேச்சில்லை.

"அப்பா கேட்கச் சொன்னார் அத்தை. ரிசல்ட் என்னாச்சுன்னு."

"சுத்தமா இருக்குன்னு சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்களேன். வாசல்லயே நிக்கறார்."

தூரத்தில் அவன் நிற்பது எனக்கும் தெரிந்தது. தெருமுனையிலேயே ஓரங்கட்டச் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்து, விளக்கைப் போட்டு, வெகு அழகாக நிறுத்தினாள்.