ஆரத்தித் தட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். ஒரு வருடத்துக்கு மேலாக உங்கள் போனுக்கு எப்போது எடுத்தாலும் ஓஃப் என்றே சொல்கிறது. அதனால்தான் கம்பனி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நீங்கள் வேலை செய்யும் நாட்டின் தூதுவர் நேற்று நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார், அந்த நாடு கட்டிக்கொடுத்த புது வீடுகளைத் திறந்துவைக்க. ஆரத்தி எடுக்க என்னைத்தான் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் போகும்போது உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

தட்டைக் கையில் எடுத்ததும் தோட்டத் தலைவரின் சம்சாரம் வந்தார்.

"அத மேகலாகிட்ட குடுத்துருங்க தங்கச்சி. நல்ல காரியம், சுமங்கலிதானே எடுக்கணும்."

என் முகத்தைப் பார்க்காமலே தட்டை வாங்கிக்கொண்டார். கோபம் வரவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வந்தது.

தூதுவர் நல்லவராகத்தான் தெரிந்தார். நம் ஆட்கள் அங்கு உழைப்பதால் இரண்டு நாட்டு உறவும் பலப்படுகிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் நின்று நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். பொட்டு அப்படியே இருக்கிறது. வேறொன்றும் எழுத வேண்டாம். அதை வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் எழுதுங்கள்.

இன்றும்
உங்கள் வீட்டுக்காரி