ஏணியில் பதிந்த மூன்று விரல்

இன்று காலை பூசைக்கு அமர்ந்தபோது தின்னர் வாடை அறைக்குள் வந்தது. அஸ்தம்பட்டியில் என் மகன் வீட்டுக்கு எதிர்வீட்டில் இரும்புக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சாம்பிராணிப் புகையையும் மீறி வந்த அந்த வாடையில், ஐம்பது ஆண்டுகளாக ஓதிவரும் பதிகத்தில் ஓரடி தவறிற்று. முதலிலிருந்து தொடங்க மனம் வரவில்லை. நீங்கள் மறைந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டிய நம் பட்டறையில் மரமும் இரும்பும் என் பொறுப்பு. வண்ணம் உங்கள் பொறுப்பு. அந்த வேலையில்தான் உங்கள் குடும்பமும் உங்களுடன் உழைத்த இருவர் குடும்பமும் பிழைத்தன. காலையில் நான் சாமி படத்துக்கு முன் நின்று பாடத் தொடங்கினால், நீங்கள் கம்ப்ரசரை நிறுத்திவிடுவீர்கள். பாட்டு முடியும்வரை ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்தபடி நிற்பீர்கள். ஒருநாள், "பாட்டு நீளமாப் போச்சுன்னா பெயிண்டு காஞ்சு போயிருமுங்க சாமி, சின்னப் பாட்டா ஒன்னு வெச்சுக்கங்க" என்றீர்கள். இருவரும் ஒரே வயதினர். ஆயினும் நம்மிடையே மரியாதைப் பன்மை ஒருநாளும் குறைந்ததில்லை.

எண்பதுகளின் இறுதியில் பவுடர் கோட்டிங் நம் பக்கம் வந்தது. உலர்ந்த வண்ணப்பொடியை மின்விசையால் இரும்பில் ஒட்டவைத்து, பெரிய அடுப்பில் சுட்டு உருக்கிப் படியவைக்கும் முறை. சேலத்தில் ஒருவர் அத்தகைய அடுப்பு போட்டிருந்தார். பரமத்தி வேலூரிலிருந்து வாழைத்தார் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர் நம்மிடம் வந்து, தாரிலிருந்து சொட்டும் நீரில் வண்டியின் ஏணியும் டூல் பெட்டியும் ஆண்டுதோறும் துருப்பிடிப்பதாகச் சொல்லி, இரண்டையும் பவுடரில் போடச் சொன்னார்.

"மாவத் தூவி அடுப்புல வெக்கறதுக்கு இதென்னங்க, பலகாரமா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தோம். உங்கள் சிரிப்பு மட்டும் விரைவில் அடங்கிற்று. இன்று ஏணியின் வேலை கைவிட்டுப் போனால் நாளை வண்டி முழுவதுமே போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த இரும்பைத் தூய்மை செய்யும் வேலையை நீங்களே ஏற்றீர்கள். சேலத்தில் பொடி தூவிச் சுடுவது மட்டும்தான். துரு நீக்கி அனுப்புவது நம் பாடு. அமிலத்தில் நனைத்து, கழுவி, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, "கை படாம ஏத்தோணுமுங்க" என்று எச்சரித்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். திருநீறு பூசாமல் எந்தப் பொருளும் என் வாசலைத் தாண்டியதில்லை. தாளைப் பிரித்து, நீரில் குழைத்த திருநீற்றை மூன்று விரலால் ஏணியிலும் பெட்டியிலும் பூசி, மறுபடி சுற்றி அனுப்பினேன். சேலத்தில் யாரோ அதை வெறும் துணியால் துடைத்துவிட்டு, அதன்மேலேயே பொடியைத் தூவியிருக்க வேண்டும். திரும்பி வந்தவை கண்ணாடிபோல் மின்னின. நீங்கள் தடவிப் பார்த்துவிட்டு வண்டியில் பொருத்தக் கொடுத்தீர்கள்.

ஐப்பசி மழை முடிந்ததும் லாரிக்காரர் வந்தார். ஏணியில் வண்ணம் தோல்போல் உரிந்து தொங்கியது, பெட்டியிலும் அவ்வாறே. "பவுடரும் வேண்டா, ஒன்னும் வேண்டா. பழையபடி பெயிண்டே அடிச்சு உடுங்க. இனி எங்க சனத்துல ஒருத்தனும் பவுடர்னு வாயத் தொறக்க மாட்டான்" என்றார். உங்கள் ஆட்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து முறுவலித்தார்கள். நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும். பவுடரின் கதை நம் வட்டாரத்தில் அன்றே முடிந்திருக்கும்.

நீங்களோ ஏணிக்கு முன் குந்தி அமர்ந்தீர்கள். உரிந்த இடம் எங்கே என்று பார்த்தீர்கள், பெட்டியிலும் பார்த்தீர்கள். பிறகு உங்கள் மூன்று விரல்களை அந்த உரிசலின்மேல் வைத்தீர்கள். அளவு பொருந்திற்று. மெல்ல என் நெற்றியை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஏனுங்க சாமி, நெத்தியில பூசறத ஏணியில பூசுனா பவுடரு எங்கீங்க ஒட்டும்?"

என் முகம் வெந்தது. "ஆமாங்க, நான்தான் பூசுனேன்" என்று லாரிக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பவுடரு மேல தப்பில்லீங்க" என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்கள். "மத்த எடத்தப் பாருங்க, உப்புத்தாள் போட்டுத் தேச்சாலும் அசையாது. தண்ணி படற ஏணிக்கும் பெட்டிக்கும் அதுதான் நல்லது. பம்பருக்கு மட்டும் வேண்டாமுங்க. அது அடி வாங்கற பொருளு. கழட்டிட்டுப் போயி மறுக்கா அடுப்புல வெக்க முடியுமா? பெயிண்டுன்னா நின்ன எடத்துல தொட்டுப் பூசிக்கலாம்."

அந்தப் பகுப்பையே பின்னர் பல பட்டறைகள் கைக்கொண்டன. சிறு பாகங்களின் வேலை உங்களிடமிருந்து சேலத்துக்குப் போயிற்று. உங்கள் ஆட்களில் ஒருவரை நீங்களே அந்த அடுப்புக்காரரிடம் அழைத்துச் சென்று வேலையில் சேர்த்துவிட்டு வந்தீர்கள். பேசாமல் இருந்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "இருந்திருக்கலாமுங்க. பொறகு அந்தப் பெயிண்டக் கையில தொடவே கூசுமே" என்றீர்கள். வாய்மையைப் பற்றி நான் மனனம் செய்திருந்த செய்யுள்கள் ஒன்றா இரண்டா? அவற்றுள் ஒன்றையேனும் அன்று உங்கள்முன் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

சென்ற மாதம் எங்கள் தெருக் கோயிலில் தீபாராதனை வேளையில் மின்மேளம் திடீரென நின்றுவிட்டது. அந்த இயந்திரம் வந்த நாள்முதல் அதை வெறுத்தவன் நான். அதை எல்லோரும் அறிவார்கள். "பெரியவரு அன்னைக்கே சொன்னாருங்க, இத எடுத்துப் போட்டுரலாம்" என்று நிர்வாகி என் பக்கம் திரும்பினார். தலையசைத்தால் போதும். சற்று முன் விளக்குக்கு எண்ணெய் விட்ட தூக்குப் பாத்திரத்தை அதன்மேல் வைத்தது நான்தான். குனிந்து பார்த்தேன், எண்ணெய் கசிந்து உள்ளே இறங்கியிருந்தது. "மிஷின் மேல தப்பில்லீங்க, தப்பு என்னோடதுங்க" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னேன். எண்பது வயதில் அதைச் சொல்ல நா எழுந்தது உங்களால்தான்.

பழுது பார்த்துவிட்டார்கள். இரண்டு வேளையும் அது அடிக்கிறது. அந்த ஓசை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.