மூன்றாம் மாடியிலிருந்து குளம்

லியோன்
9 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு வருடம் படிக்கப் போனவள் மூன்றாகியும் திரும்பவில்லை என்று போனை எடுக்க மறுக்கிறீர்கள். கடிதத்தையாவது பிரிப்பீர்கள்.

முதல் முறையாக ஒரு மேடையை அமைக்கும் பொறுப்பை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஓபரா, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். கதை நம் நாட்டில் நடக்கிறதாம். அந்தக் காலத்தில் இதற்கு வரைந்த மேடைப் படத்தில் தென்னை மரத்தில் வாழைத்தார் தொங்குகிறது. எனக்கு உறுவையாற்றுக் கோயில் குளம்தான் வேண்டும் என்றேன். கடைசிக் காட்சியில் கதாநாயகி படியிறங்கி அதில்தான் முழுகிப் போகிறாள்.

எத்தனை நாடகத்துக்குப் படுதா வரைந்தவர் நீங்கள். ஒரு மாதிரிப் படம் அனுப்புங்கள். மேடை அளவு இத்துடன். பிடித்துவிட்டால் படுதா வரைய உங்களையே ஓராண்டு ஒப்பந்தம் போட்டு இங்கே அழைப்பார்கள். ஒரே வீட்டில் இருப்போம்.

உங்கள்
கஸ்தூரி

செலியமேடு
2 பிப்ரவரி

கஸ்தூரி,

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆறு நாள் குளக்கரையில் உட்கார்ந்து வரைந்தேன். நன்றாகவே வந்திருக்கிறது.

தவளக்குப்பம் கொரியர் கடையில் “இன்னா சார், பிரான்சுக்கா?” என்று இரண்டு தடவை கேட்டான். பொண்டாட்டிக்கு என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அங்கே ஸ்வெட்டர் எத்தனை வேண்டும்?

உன்
அரிகரன்

லியோன்
20 பிப்ரவரி

மாமா,

படம் அழகு. ஆனால் செல்லாது என்றுவிட்டார்கள். மேசை மேல் இருக்கும் சின்ன மாதிரி மேடையில் நிறுத்திப் பார்த்த இயக்குநர், “படியையே காணோம், இவள் எங்கே இறங்குவாள்?” என்றார். நம் ஊரில் ஜனங்கள் தரையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறார்கள். நீங்களும் அந்தக் கண்மட்டத்துக்கே வரைந்துவிட்டீர்கள், குளம் ரிப்பன் மாதிரித் தெரிகிறது. இங்கே மூன்று மாடிக்கு ஆள் உட்கார்ந்து மேலிருந்து பார்க்கிறார்கள். அளவெல்லாம் எழுதிய நான் அதை எழுதவில்லை.

யார் தப்பு என்று கேட்டார். பயந்துபோய், பெயிண்டர் தப்பு என்றேன். நீங்கள் என் கணவர் என்று இங்கே யாருக்கும் தெரியாது, மாமா. வீட்டு ஆளுக்கு வேலை வாங்கித் தருகிறாள் என்பார்களே என்று, ஊரில் தெரிந்த பெயிண்டர் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். வந்த பிறகும் கொஞ்ச நாள் தனி அறையில் இருக்க வேண்டியிருக்கும்.

படம் சரியாகிவிடும் என்று நம்பி உங்கள் ஒப்பந்தத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மார்ச் பத்துக்குள் புதுப் படம் வராவிட்டால் என் மேடை போய்விடும். திட்டுங்கள், ஆனால் வரையுங்கள்.

கஸ்தூரி

செலியமேடு
3 மார்ச்

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

உறுவையாற்றில் குளத்தை ஒட்டி மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து வரைந்தேன். மோட்டார் போடுகிற மணிவண்ணன் லேசில் விடவில்லை. “அண்ணி கேட்டாங்களாண்ணே?” என்றான். “இல்லப்பா, கம்பெனி வேலை” என்றேன்.

படி பதினெட்டும் தெரிகிறது. உங்கள் கதாநாயகி தாராளமாக இறங்கலாம். தப்பு பெயிண்டருடையது என்றே இருக்கட்டும், திருத்திவிட்டேன்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமல் படத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். தனி அறை எனக்கு இங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
பெயிண்டர் அரிகரன்