கழுவாத பேனா

கரமனை, திருவனந்தபுரம்
12.6.2024

அன்பு மகள் திவ்யலட்சுமிக்கு உன் சித்தப்பா ஆயிரம் ஆசிகளோடு எழுதுவது.

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உன் அப்பா வாய் கோணிப் படுத்த அன்றே சொன்னேன், பதினைந்து நாள் தாண்டாது என்று. பதினான்காம் நாள் அண்ணன் போய்விட்டார். நீ வரமாட்டாய் என்பதையும் நடுத்தெருவில் வைத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டு விஜயம், "பெத்த அப்பன் கெடக்கும்போ வராம இருப்பாளா அண்ணாச்சி?" என்று வாதாடினாள். "எழுதி வச்சுக்கோ" என்றேன். இப்போது என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள்.

காரியங்கள் வெகு கேமமாக, ஊரே மெச்சும்படி நடந்தன. தைக்காட்டு மயானத்துக்குப் பதினெட்டு கார். கலெக்டர் வண்டியே ஒதுங்கி வழி விட்டது. கொள்ளி வைத்தது நான்தான்.

நான் போனில் பேசிய மறுநாளே நீ எண்ணை மாற்றிவிட்டாய். பரவாயில்லை, பிள்ளைகள் என்றால் கோபம் இருக்கும்.

சித்தப்பா
தாணுமாலயன்

புணே
20.6.2024

சித்தப்பாவுக்கு,

போனில் சொன்னதை எழுத்தில் சொல்லுங்கள். அப்பாவின் விலாச நோட்டு உங்களுக்குத் தெரியும். நல்லது கெட்டதுக்குச் சொல்லவேண்டியவர்கள் பெயர் நீல மையில். செத்தவர்களும் வேண்டாதவர்களும் சிவப்பில். நான் ஜெபசிங்கைக் கட்டிக்கொண்டு ஆறு வருடம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் நோட்டில் என் பெயர் நீலத்திலேயே இருக்கிறது என்று விஜயம் அக்காள் சொல்லுவாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

படுக்கையில் என் பெயரைச் சிவப்பில் எழுதினார் என்றீர்கள். வந்தால் அவருக்கு உயிர் நோகும் என்று எடுத்த டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். எப்படி எழுதினார்? அந்தப் பேனாவை மட்டும் எனக்குத் தாருங்கள். வேறொன்றும் வேண்டாம்.

திவ்யா

கரமனை
29.6.2024

அன்பு மகளே,

நேரில் பார்த்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஐந்தாம் நாள். பேச்சில்லை, வலது கை மட்டும் ஓடியது. முதலில் பேனாவைக் காட்டினார், பிறகு சிவப்பு மைக்குப்பியை. நான்தான் நிறைத்தேன். பழைய நீலத்தைக் கழுவ நேரம் ஏது? தாளில் உன் பெயரை மட்டும் எழுதினார். 'தி' நல்ல நீலம், 'வ்ய' ஊதா, 'லட்' கருஞ்சிவப்பு, 'சுமி' கோழி அறுத்த சிவப்பு. நான் எட்டாம் கிளாஸோடு நிறுத்தியவன்தான், ஆனால் நிறம் பார்க்க டிகிரி வேண்டாமே! தாளை அவர் நெஞ்சில் வைத்தே அனுப்பிவிட்டேன்.

பேனா இதோடு வருகிறது. ஜெர்மன்காரன் ஒருவன் அண்ணனின் கையெழுத்தில் மயங்கிக் கொடுத்தது. அண்ணன் உன் பெயரை எழுதிய பிறகு ஒருவரும் தொடவில்லை, கழுவவில்லை. அவர் விரல் பட்டது பட்டபடி இருக்கிறது. சித்தப்பா மனசு உனக்கு இப்போதாவது தெரியட்டும்.

தாணுமாலயன்

புணே
8.7.2024

சித்தப்பா,

பேனா வந்தது. மை மாற்றும்போது அப்பா மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவார். சின்னதில் நான்தான் கிண்ணம் பிடிப்பேன். நேற்று அதேபோல் கழுவினேன். முதல் தண்ணீர் நீலம். இரண்டாவது வெளிர் நீலம். மூன்றாவது வெறும் தண்ணீர். முள்ளைக் கழற்றி வெள்ளைத் துணியில் ஒற்றியும் பார்த்தேன்.

சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

பெயரை எழுதிய பிறகு அப்பா எத்தனை நாள் இருந்தார்? என்னைத் தேடினாரா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

திவ்யா

கரமனை
17.7.2024

அன்பு மகள் திவ்யலட்சுமிக்கு,

உன் புத்தி அப்படியே நம் குடும்பத்துப் புத்தி! நீ கழுவிப் பார்ப்பாய் என்பதும் எனக்கு முன்பே தெரியும், கேட்டியா.

கேட்டதற்குப் பதில். ஒன்பது நாள் இருந்தார். வாசலில் ஆட்டோ நின்றால் தலையைத் திருப்புவார். "டிக்கெட் கெடைக்கலியாம் அண்ணாச்சி, நாளைக்கு வந்திருவா" என்று தினமும் நான்தான் தேற்றினேன். அந்தப் பொறுமை வேறு யாருக்கு வரும்? கடைசி இரண்டு நாள் தலையைத் திருப்பவில்லை.

நீயே யோசித்துப் பார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், மகள் வரமாட்டாள் என்று. நீ பெட்டியோடு தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியிருந்தால் விஜயம் என்னை மதிப்பாளா? கொள்ளிக்கு உன் மாப்பிள்ளையும் பக்கத்தில் வந்து நின்றிருப்பான். இந்த வயதில் எனக்கு அது தேவையா?

மற்றபடி நான் எழுதியதில் பிசகில்லை. ஸ்கூட்டரையும் சேர்த்து எண்ணினால் வண்டி பதினெட்டு சரியாக வரும். பேனாவை நிறைத்தது நான்தான். பெயரை அவர் தன் கைப்பட எழுதினார், எழுதிவிட்டு வாசலைக் காட்டினார்.

நிறம் மட்டும் என் கைச்சரக்கு.

என்றும் உன் நலம் நாடும்
தாணுமாலயன்