வெல்வெட் தூம்பா

1957 ஆகஸ்ட் 3, சனி

காலையிலேயே புழுக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராம மாதா கோயிலுக்குப் போனேன். திருவிழா மலருக்குக் கோயில் வரலாறு எழுதித் தரச் சொல்லிப் பங்குச் சாமியார் நச்சரிப்பு. பிரெஞ்சு வாத்தியார் என்றால் இளிச்சவாயன் என்று நினைப்பு.

உள்ளே வௌவால் எச்சம், நாற்றம். பீடம் தேக்கு. மாதா சுரூபம் பிரான்சிலிருந்து வந்ததாம். மூக்கு உடைந்து சுண்ணாம்பால் ஒட்டியிருக்கிறது. நடுவில் மரக்கிராதி. இந்தப் பக்கம் பெரிய வீட்டார், அந்தப் பக்கம் சேரியார். சாமியாரிடம் கேட்டேன். "பழைய பழக்கம்" என்று மூக்குப்பொடி போட்டார்.

பின்னறையில் பிணம் தூக்கும் தூம்பா இரண்டு. கறுப்பு வெல்வெட்டும் வெள்ளிச் சரிகையுமாக ஒன்று, பெரிய வீட்டாருக்கு. சேரிக்கு வெறும் பலகைப் பெட்டி, அடியெல்லாம் கரையான். சேரியைச் சேர்ந்த சவேரி வெல்வெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணியடிப்பதும் அவரே. மனைவி சூசம்மாள் சாகக் கிடக்கிறாளாம்.

"எங்க பெட்டி தாங்காதுங்க ஐயா. தூக்கனா அடி கழண்டுக்கும். இதக் குடுக்கச் சொல்லி சாமியாருகிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

6, செவ்வாய்

மண்ணெண்ணெய், பேனா மை வாங்க மறந்தாயிற்று. சூசம்மாள் நேற்று போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போனேன். சவேரி வெல்வெட் தூம்பாவைக் கேட்டிருக்கிறார், இந்த ஒரு தடவைக்கு. கோயில் நாட்டாமை சொன்னது: "குடுக்கக் கூடாதுன்னு இல்ல. நாளைக்கி எங்க அம்மாவ எப்படி அதுல கிடத்துறது?"

சாமியார் மறுபடியும் மூக்குப்பொடி போட்டார். நான் கத்தினேன். அதற்கு நாட்டாமை: "டவுன்காரங்களுக்கு இதெல்லாம் புரியாது வாத்தியாரே."

பள்ளிக்கூட பெஞ்சில் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிப் போனார்கள். தூறல் வேறு. பெஞ்சு குட்டை, கால் வெளியே தொங்கியது. வீட்டுக்கு வந்து குளித்தும் அருவருப்பு போகவில்லை.

10, சனி

மீதிக் குறிப்பெடுக்கப் போனேன். போயிருக்கவே கூடாது. சவேரி மறுபடியும் வெல்வெட்டைத் துடைக்கிறார். நாட்டாமையின் அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். நாட்டாமை பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார்.

"இவர் கை மட்டும் படலாமா?" என்று கேட்டேன்.

சவேரி நிமிராமலே சொன்னார்: "கை என்னங்க ஐயா. பலகை தாங்குதான்னு பாக்க, போன வருசம் நாட்டாமதான் என்ன இதுல படுக்கச் சொன்னாரு. நாலு பேரு தூக்கிப் பாத்தாங்க."

நாட்டாமை சரிகையை நீவிக்கொண்டே, "அது வேற, இது வேற" என்றார்.

வெல்வெட் பிரான்சிலிருந்து வந்ததை மலரில் மறக்காமல் எழுத வேண்டுமாம். த்தூ.