அரசன் சுவர்

கார்னெத் பண்ணை
1947 ஏப்ரல், ஞாயிறு மாலை

அன்பு மகன் மெய்ரிக்குக்கு, அம்மா எழுதிக்கொள்வது. படகோனியாவில் நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தில் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன். இங்கே நானும் உன் தம்பி இத்வாலும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா போய்விட்டார் என்று போதகர் டெகிட் அடித்த தந்தியில் அதற்குமேல் ஒன்றும் இல்லை, எப்படி என்று கேட்டுத் துடித்திருக்கிறாய். எழுதுகிறேன். முழுவதும் படி, ஏனென்றால் போனவரைப் பற்றி மட்டுமல்ல, இருக்கிற ஒருவனைப் பற்றியும் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் கோட்டையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இப்போது அது வேறு மாதிரி தெரிகிறது எனக்கு. மேட்டின் விளிம்பில் அந்தக் காலத்தில் நம் நாட்டு இளவரசன் கட்டிய கோபுரம், ஒரு பக்கம் வளைவும் மறுபக்கம் தட்டையுமாக. அதன் கிழக்குப் பக்கத்தை ஒட்டி, கோட்டையைப் பிடித்த இங்கிலாந்து அரசன் எழுப்பிய தடித்த சாய்வுச் சுவர். இளவரசன் பள்ளத்தாக்கைப் பார்க்கும் ஜன்னலை அடைத்து நம்மை அவமானப்படுத்தத்தான் அந்தச் சுவரைக் கட்டினான் என்று சொல்லிச் சொல்லியே நாம் எல்லாரும் வளர்ந்தோம். அதனால்தான் ஊரில் எவனுக்குக் கல் வேண்டுமென்றாலும் அரசன் சுவரில் எடுப்பான், கூசாமல் எடுப்பான். நம் அடுப்புக்கு மேலே இருக்கும் கல், பன்றிக் கொட்டில், தேவாலயப் படி எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். கோபுரத்தில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது அதிலிருந்து ஒரு சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாய், சாப்பாட்டிலிருந்து எழுப்பி மழையில் திருப்பி வைத்துவிட்டு வரச் சொன்னார் உன் அப்பா. நினைவிருக்கும்.

போன கோடையில் லண்டனிலிருந்து பழைய கட்டடங்களை அளக்கிற ஒருவர் வந்தார், ஹார்டிங் என்று பெயர். நாலு நாள் நாடாவும் கையுமாகச் சுற்றினார். சந்தையில் இங்கிலீஷில் பேரம் பேசி ஆள்களை அழவைக்கிற உன் அப்பா, அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை தெரியாதவர் மாதிரி நின்றார், இத்வால்தான் மொழிபெயர்த்தான். இளவரசன் போர் அவசரத்தில் உதிர்பாறையின் மேல் கோபுரத்தைக் கட்டிவிட்டார், அது அப்போதே சாயத் தொடங்கியிருக்கிறது, அரசனின் கொத்தனார்கள் அதற்கு முட்டுக் கொடுத்துத்தான் அந்தச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள், இனி அதில் ஒரு கல்லும் எடுக்காதீர்கள் என்றார் அந்த மனிதர். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ் சுவருக்குத்தானே வக்காலத்து வாங்குவான்! நம்ம கோபுரத்த இவனுங்க தாங்கிப் புடிச்சானுங்களாம்ல, கேட்டுக்கோ லொவ்ரி” என்று என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். வந்தவருக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்து அனுப்பிவிட்டு, போன பிறகும் சிரித்தோம்.

இலையுதிர் காலத்தில் ஆட்டுப்பட்டியின் சுவர் ஓரிடத்தில் சரிந்தது. அப்பா இத்வாலைக் கல் கொண்டுவரச் சொன்னார். அவன் தயங்கினான், “அந்த ஆளு சொன்னாரேப்பா” என்றான். “நீ யாரு மவன்டா, எனக்கா அவனுக்கா?” என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் பிள்ளை என்ன செய்வான்? மேலே இருந்ததெல்லாம் நம் முன்னோர்கள் எடுத்துத் தீர்ந்துபோய்விட்டது, அடியில் இருந்த பெரிய கற்களைத்தான் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்து வந்தான்.

பிறகு அந்தப் பனி. பேப்பரில் நீயும் படித்திருப்பாய். வேலிகளே தெரியவில்லை, மலையில் ஆடுகள் நின்ற நிலையில் செத்துக் கிடந்தன. மிஞ்சிய சினையாடுகளை அப்பா கோபுரத்தின் கீழறையில் அடைத்தார், காற்றுப் புகாத இடம் அது ஒன்றுதான். பாதிநாள் அங்கேயே கிடந்தார். மார்ச்சில் ஒரேயடியாக உருகத் தொடங்கியது. சுவருக்குள் உறைந்திருந்த தண்ணீரெல்லாம் இளகி ஓடியது. ஒரு காலையில் அப்பா உள்ளே ஈனுகிற ஆட்டிடமிருந்து ஒரு குட்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது கோபுரத்தின் கிழக்குப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இத்வால் வைக்கோலோடு வாசலுக்குப் பத்தடி தள்ளி வந்துகொண்டிருந்தான். சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்டது, மலையிலிருந்து பனி சரிகிறது என்று நினைத்து நான் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன், மெய்ரிக். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. ஊர் ஆண்கள் எல்லாரும் வந்து தோண்டினார்கள். முகத்தில் காயமில்லை. அதை உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

இப்போது நான் கேட்க வந்தது. அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து இத்வால் பட்டிச் சுவரைப் பிரிக்கிறான். அந்தக் கற்களைச் சறுக்குவண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே அடுக்குகிறான். முட்டு இருக்கிறது, முட்டுக் கொடுக்கக் கோபுரம்தான் இல்லை. கோபுரத்தின் வளைவுப் பக்கம் மட்டும் இன்னும் நிற்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, அவன் அதற்கு நேர் கீழே வேலை செய்கிறான். குட்டிகள் பிரிந்த பட்டி வழியாக வெளியே ஓடுகின்றன, அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விழுந்தால் விழட்டும் என்றுதான் போகிறானோ என்று பயமாக இருக்கிறது. போதகர் சொல்லிப் பார்த்தார். நான் காலில் விழாத குறை.

போன வாரம் ஒரு வழி யோசித்தேன். அரசன் சுவரின் கல் ஒன்று முற்றத்தில் கிடக்கிறது, அதில் அப்பாவின் பெயரை வெட்டு, கல்லறைக்கு அதையே வைப்போம் என்றேன். கைக்கு வேறு வேலை கிடைத்தால் மேலே போகமாட்டான் என்று நினைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தான். “அது அவனுங்க கல்லும்மா. அப்பா தாங்கவே மாட்டாரு, குழியிலருந்து எந்திரிச்சு வந்துருவாரு” என்றான். வரட்டுமே என்றேன். அப்போதுதான் அழுதான், இத்தனை நாளில் முதல் முறையாக, சின்னப் பிள்ளை மாதிரி என் மடியில் தலையை வைத்து அழுதான். உளியும் எடுத்தான். அப்பாவின் பெயரில் முதல் எழுத்தை வெட்டினான். மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் மேலே நிற்கிறான்.

அவன் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான். உன் மேல் தப்பில்லை என்று எழுதாதே, அவன் நம்பமாட்டான், எல்லாரும் சொல்லியாயிற்று. நான் அங்கே இருந்திருந்தால் நானும்தான் போய் எடுத்திருப்பேன் என்று எழுது. உண்மையும் அதுதானே? அப்பா அப்படிக் கேட்டால் நீயும் எடுத்திருப்பாய், உன்னையும்தான் எனக்குத் தெரியும். கடிதம் போட்டுக் காத்திருக்காதே, இது கையில் கிடைத்த அன்றே தந்தி அடி.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், குழந்தையின் நெஞ்சைப் போர்த்தி வை. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பார். இந்தக் கடிதம் கடல் தாண்டி உன்னிடம் வரும்வரை அந்தப் பாதிக் கோபுரம் நிற்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பாவைக் கொன்ற கோபுரம் அது. அது நிற்க வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறேன்.

உன் அம்மா,
லொவ்ரி

தந்தியை நம் மொழியிலேயே அடி. இங்கிலீஷில் வந்தால் அவன் படிக்கவே மாட்டான்.