கராம்பு எண்ணெயும் பின்தொட்டி மீன்களும்

நண்பா,

சில நாளாகக் கடைவாய்ப் பல் குத்துகிறது. கம்பளையில் மருந்துக்கடைக்காரர் கராம்பு எண்ணெய் கொடுத்தார். பஞ்சை நனைத்து வாயருகே கொண்டுபோனேன். வாசனை ஏறியதும் கீழே வைத்துவிட்டேன். பல்வலியே தேவலை. எனக்கு அது உன் கருமாதி நாளின் வாசனை.

பிலிமத்தலாவையில் உன் வண்ண மீன் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். விற்ற மீனைத் திரும்ப வாங்கிக்கொள்கிற கடையை உன்னிடம்தான் கண்டேன். டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் பிள்ளைகள் வாங்கிப் போகும் கறுப்பு மீன், கொஞ்ச காலத்தில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, தொட்டிக்குள் திரும்ப இடமில்லாமல் கிடக்கும். "வளந்துட்டா எங்கிட்டயே கொண்டாங்க. கொளத்துல விட்றாதீங்க" என்று மீனோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவாய். அப்படித் திரும்பி வந்தவை கடையின் பின்தொட்டியில் கிடக்கும். நோய் கண்டதை வாளியில் கராம்பு எண்ணெய் கலந்து முடித்துவிடுவாய். "தூங்கப் போடுறேன்" என்பாய். கொல்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"இவ்வளவு பயம்னா ஏன்டா விக்கிற?" என்று கேட்டிருக்கிறேன்.

"நான் விக்காட்டி அடுத்த கடையில வாங்குவாங்க. அவன் திருப்பி எடுக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் திகனப் பக்கம் நீர்த்தேக்கத்துக்குப் போவோம். நான் காற்று வாங்கப் போனேன், நீ காவல் காக்கப் போனாய். யாராவது கையில் பையோடு தண்ணீரை நோக்கி இறங்கினால் உன் பேச்சு பாதியில் நிற்கும். ஒருமுறை, வெளிநாடு போகப் புறப்பட்ட ஒரு குடும்பம் வீட்டு மீன்களை வாளியில் கொண்டுவந்திருந்தது. மழை பெய்த சரிவில் விழுந்து எழும்பி ஓடினாய்.

"பாவம் அங்கிள், சுதந்திரமா இருக்கட்டுமே" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

"இது இங்க உள்ள மீன் இல்லம்மா. உள்ளதோட எடத்தப் புடிச்சுக்கும். கரையக் கொடைஞ்சு முட்ட வைக்கும், வலையக் கிழிக்கும். எங்கிட்ட குடுத்துருங்க."

வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். என் காற்சட்டையும் சேர்ந்து நனைந்தது. ஏறுமுன் என் செருப்பில் ஒட்டியிருந்த சல்வீனியாப் பாசியைக் காட்டி, "அதத் தட்டிட்டு ஏறு, இன்னொரு கொளத்துக்குக் கொண்டு போயிராத" என்றாய். கொளத்துப் போலீஸ் என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் உனக்கு அதே கவலைதான். "சின்னதுகள யாராச்சும் எடுப்பாங்க. பின்தொட்டில உள்ளத ஒருத்தனும் எடுக்க மாட்டான். தூங்கப் போட்டுரு. தண்ணிக்குப் போகக் கூடாது." தலையாட்டினேன். நீ சொன்னபடியே ஆனது. கண்டிக் கடைக்காரர் சின்ன மீன்களை அள்ளிக்கொண்டு, பின்தொட்டியைப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்.

பதினாறாம் நாள் காலையில் கடைக்கு வரச் சொல்லி உன் மனைவி ஆளனுப்பினாள். அந்த மீன்களை வாளிகளில் பிடித்து வைத்திருந்தாள். வெளியே த்ரீவீல் நின்றது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் வெட்டுக்குப் போன மாட்டை மீட்டுவிட்டு, செத்த தகப்பனுக்குப் புண்ணியம் சேர்த்ததாம்.

"அவரு பேர்ல இதுகள திகனக் கொளத்துல விட்டுருவோம்ணே. வாராவாரம் போவாரே, அவருக்குப் புடிச்ச எடம்."

"தங்கச்சி, அதத்தாம்மா அவன் வேணாம்னு சொன்னான்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

உண்மைதான். கடைப் பேச்சைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் நீ. குளக்கரையில் போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இதற்காக இன்றும் உன்மேல் எனக்குக் கோபம் உண்டு.

"அம்மாம்பெரிய கொளம். நாலஞ்சு மீனு போனா என்னண்ணே ஆயிரும்?" என்றாள்.

த்ரீவீலைத் திருப்பி அனுப்பினேன். நீ செய்கிறபடியே போத்தலில் வெந்நீரோடு எண்ணெயைக் குலுக்கி வாளிகளில் ஊற்றினேன். முதலில் அடித்துக்கொண்டன. பிறகு சாய்ந்தன. செவுள் அசைவு நிற்க வெகுநேரம் ஆனது. அவள் கதவைப் பிடித்தபடி முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குன்னு ஒரு உசுரக்கூட விட்டு வைக்கலியே நீங்க."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. உன் திவசத்துக்கு எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பஸ்ஸில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

போன ஞாயிறு நீர்த்தேக்கத்துக்குத் தனியாகப் போனேன். மடவளையிலிருந்து வந்து மீன் பிடிக்கிறவர் ஒருவர் கரையில் வலையை விரித்து உட்கார்ந்திருந்தார். "பாருங்கண்ணே, திலாப்பியாவக் காணோம். பூராவும் இந்தச் சனியன்தான்" என்றார். செதிலும் முள்ளும் மாட்டி, வலை பல இடத்தில் கிழிந்து கிடந்தது. எல்லாம் டேங்க் கிளீனர். யாரோ இரக்கப்பட்டு விட்டவை, பெருகிவிட்டன. ஏற்கெனவே இப்படி நிறைந்த தண்ணீரில் இன்னும் நாலைந்து சேர்ந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் மறுபடி கேட்டிருந்தால், ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் ஒன்றை அறுத்தெடுத்துக் கரையில் எறிந்தார். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. நீ விற்றவற்றில் ஏதாவது இங்கே வந்து சேர்ந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. உன் பின்தொட்டி மீன் ஒன்றுகூட இங்கே இல்லை. அது எனக்குத் தெரியும். உன் வீட்டு வாசலை விட்டுக்கொடுத்து நான் வாங்கியது அவ்வளவுதான்.

செருப்பைத் தட்டிவிட்டு பஸ் ஏறினேன்.